ஆண்டறிக்கையின் பின்பக்கங்கள்

பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கணக்கில் வரவாகிய மறுவாரமே வாடிக்கையாளர்கள் நம் கிளைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கம்பெனி நல்ல கம்பெனிதானா, சார்?" பெங்களூரில் அக்கேள்வி பெரும்பாலும் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பற்றியதாகவே இருக்கும். மகனோ மருமகளோ அங்குப் பணியாற்றுவர். ஓசூர்ச் சாலையில் செல்லும்போதெல்லாம் அதன் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துப் பழகியிருப்பர். அண்மையில் இக்கேள்வியுடன் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் கேட்டது இன்ஃபோசிஸ் நிறுவனத்தைப் பற்றி.

எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று நாம் கூறுவதில்லை; கூறவும் கூடாது. ஆனால் ஒரு நிறுவனத்தை எவ்வாறு படிப்பது என்று காட்டலாம். வங்கியில் கடன் பிரிவில் அமர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இலாபக் கணக்கு முன்னால் இருந்தாலும், ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்தே புரட்டத் தொடங்குவோம். பல ஆண்டுகளுக்கு முன் கடன் கேட்டு வந்த ஒரு சிறு நிறுவனத்தின் விற்பனை ஆண்டுதோறும் அழகாக ஏறிக்கொண்டே இருந்தது. பின்பக்கக் குறிப்பைப் பார்த்தபோதுதான், வர வேண்டிய தொகையில் பெரும்பகுதி உரிமையாளரின் மைத்துனர் நடத்தும் மற்றொரு நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது என்பது புலப்பட்டது.

பங்குச் சந்தையின் பக்கமே செல்லாதவர்களும் இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் புதிதாகச் சேரும் தொகையின் ஒரு பகுதி 2015 முதல் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் முதலீடு செய்யப்பட்டு வருகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டமும் அவ்வாறே. எனவே பெரிய நிறுவனங்களின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும், நாம் அறியாமலே, நம் முதுமைக்கால வருவாயைத் தொடுகின்றன.

இன்ஃபோசிஸ் 1981இல் புனேயில் ஏழு பொறியாளர்களால் தொடங்கப்பட்டு, 1983இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. 1993இல் பங்கு ஒன்று 95 ரூபாய் என்ற விலையில் பொதுமக்களிடம் வந்தபோது வெளியீடு முழுமையாக விற்கவில்லை. அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி முன்வந்து ஒரு பகுதியை வாங்கிக்கொண்டது. 1999 மார்ச்சில், இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களுள் முதலாவதாக அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. சட்டம் கேட்டதற்கு மேலாகவும் வெளிப்படுத்தும் வழக்கத்தை அது தொடக்கத்திலேயே கைக்கொண்டிருந்தது. இந்தியக் கணக்கியல் முறையுடன் அமெரிக்க முறையிலும் கணக்கு அளித்தது. ஊழியர்களின் மதிப்பையும் வணிகப் பெயரின் மதிப்பையும்கூட எண்ணாக்கி ஆண்டறிக்கையில் வெளியிட்டது. வணிகவியல் மாணவர்களாக அப்பக்கங்களை வியப்புடன் படித்தோம். மனிதனுக்கு மதிப்புப் போடும் சூத்திரத்தின் மீது சிறிது ஐயமும் இருந்தது. 2002இல் செபி அமைத்த நிறுவன ஆளுகைக் குழுவுக்கு அதன் நிறுவனர்களுள் ஒருவரான என். ஆர். நாராயண மூர்த்தியே தலைவராக இருந்தார்.

அதே துறையில், ஐதராபாத்தில் நிகழ்ந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2008 செப்டம்பரில் சத்யம் நிறுவனம் நல்லாளுகைக்கான விருது ஒன்றைப் பெற்றது. டிசம்பரில், தலைவரின் குடும்பத்தாருடன் தொடர்புடைய இரு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க முற்பட்டு, முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்குகள் பொய் என்று தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். ஏட்டில் இருந்த ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். வங்கியாளர்களாகிய நமக்கு இதில் உறுத்துவது வேறொன்று. வங்கி இருப்பைத் தணிக்கையாளர் நேரடியாக வங்கியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அங்கோ நிறுவனம் கையில் கொடுத்த சான்றுகளே நம்பப்பட்டன. இயக்குநர் குழுவில் புகழ்பெற்ற பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரியும் இருந்தனர். விருதும் பெரிய பெயர்களும் நிறுவனத்தைக் காக்கவில்லை.

நிறுவனங்கள் சட்டம், 2013 இப்படிப்பினையின் நிழலில் உருவானது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினரேனும் சார்பற்றவராக இருத்தல் வேண்டும். ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் நீடிக்க இயலாது. ஊழியர் அச்சமின்றிப் புகார் அளிக்க வழி இருத்தல் வேண்டும்.

விதிகள் உள்ள இடத்திலும் சோதனை வரும். இன்ஃபோசிசுக்கு அது 2017இல் வந்தது. 2015இல் 20 கோடி டாலருக்குப் பனாயா என்ற நிறுவனத்தை வாங்கியது பற்றியும், அதே ஆண்டில் விலகிய முதன்மை நிதி அதிகாரிக்கு 17.38 கோடி ரூபாய் விலகல் தொகை ஒப்புக்கொண்டது பற்றியும் நிறுவனர்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். 2017 ஆகஸ்டு 18 அன்று தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா பதவி விலக, பங்கின் விலை அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 10 சதவீதம் சரிந்தது. ஒரு வாரத்திற்குள் நந்தன் நிலேகனி இயக்குநர் குழுவின் தலைவராகத் திரும்பி வந்தார். பனாயா விவகாரத்தில் தவறேதும் நடக்கவில்லை என்று புதிய குழுவும் அறிவித்தது. ஆயினும் விசாரணை அறிக்கையை முழுமையாக வெளியிடவில்லை. விலகல் தொகை தொடர்பான செபியின் நடவடிக்கையை, குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல், 34.35 இலட்சம் ரூபாய் செலுத்தி 2019இல் முடித்துக்கொண்டது. நிறுவனத்தின் அளவுக்கு இத்தொகை மிகச் சிறியது. ஆனால் உரிய குழுக்களின் முன்அனுமதி தொடர்பான குறை, வெளிப்படைத்தன்மைக்குப் பெயர்பெற்ற இடத்தில் எழுந்தது என்பதை நாம் சிறியதாகக் கருதவில்லை. அறிக்கையை முழுமையாக வெளியிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

ஈராண்டுக்குப் பின், 2019 அக்டோபரில், உயர் அதிகாரிகள் இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டுகின்றனர் என்ற பெயரில்லாப் புகார் வெளியாயிற்று. பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 16 சதவீதம் வீழ்ந்தது. புகார் வந்ததை முன்னரே தெரிவிக்காதது ஏன் என்று மும்பைப் பங்குச் சந்தை விளக்கம் கேட்டது. தணிக்கைக் குழு வெளியாரான சட்ட நிறுவனத்தையும் கணக்காய்வு நிறுவனத்தையும் கொண்டு விசாரித்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என 2020 ஜனவரியில் அறிவித்தது. புகார் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, புகாருக்கு உள்ளானவர்கள் அல்லாதாரின் கையில் விசாரணை இருந்ததா என்பதே நாம் பார்க்க வேண்டியது. இங்கே இருந்தது.

ஆசிரியர் அடுத்துக் கேட்டது, "கார்பன் நியூட்ரல் என்கிறார்களே, அது விளம்பரமா?" நியாயமான கேள்வி. 2011இல் ஐக்கிய நாடுகள் அவையிடம் உறுதி கூறிய இன்ஃபோசிஸ், 2020இல் கார்பன் சமநிலை எய்தியதாக அறிவித்தது. இச்சொல்லின் பின்னால் இரு வேறு வேலைகள் உள்ளன. ஒன்று, தன் பயன்பாட்டைக் குறைத்தல். மற்றொன்று, குறைக்க இயலாததற்கு வேறிடத்தில் ஈடுசெய்தல்.

முதல் வேலைக்கு ஐதராபாத் வளாகத்தில் அது கட்டிய ஒரு கட்டடம் அருமையான சான்று. கட்டடம் நடுவில் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் வழக்கமான குளிர்காற்று முறை. மறு பாதியில் கூரைத் தளத்தினுள் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓடவிடும் முறை. அதே வெயில், அதே வகை அலுவலகம், தனித்தனி மின் அளவி. குளிர்நீர் ஓடிய பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரமே எடுத்தது. கட்டுமானச் செலவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முடிவு எதுவாயினும் எவரும் மறைக்க முடியாதபடி அமைந்த சோதனை அது. தணிக்கைக்குப் பழகிய நமக்கு இது மிகவும் பிடித்தது.

இரண்டாவது வேலை, கர்நாடகச் சிற்றூர்களில் வீடுதோறும் சாண எரிவாயுக் கலன் அமைத்தல், புகை குறைந்த அடுப்பு வழங்குதல் போன்றவை. விறகடுப்பின் முன் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரும் பயன், ஐயமில்லை. ஆனால் ஈடுசெய்த கணக்கையும் குறைத்த கணக்கையும் ஒன்றாகப் படிக்கலாகாது. மேலும், தலைக்கு இவ்வளவு என்ற எண்ணிக்கை குறைந்தாலும் ஊழியர் தொகை பெருகினால் மொத்தம் ஏறலாம். பெருந்தொற்றின்போது வளாகங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவ்வாண்டுகளின் மின்கணக்கு இயல்பாகவே குறையும். எனவே மூன்று, நான்கு ஆண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே முறை. தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் குடிக்கும் இந்நகரம் 2024 கோடையில் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றதை மறந்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை 2022-23 முதல் ஆண்டறிக்கையுடன் கட்டாயம் அளிக்க வேண்டும் என்பது செபியின் ஆணை. மின்சாரம், நீர், கழிவு, ஆண் பெண் ஊதியம், ஒப்பந்தப் பணியாளர் எண்ணிக்கை, வந்த புகார்கள், தீராத புகார்கள் என அனைத்தும் ஒரே வடிவில் இருக்கும். ஒரு நிறுவனத்தை மற்றொன்றுடன் ஒப்பிடுவதும் எளிது. முன்பக்க வண்ணப் படங்களைத் தாண்டி, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள், தணிக்கையாளர் அறிக்கை, இந்த அறிக்கை ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்தால் போதும். அரை மணி நேரம் ஆகும்.

ஆசிரியர் இரண்டு வாரம் கழித்து வந்தார். எந்தப் பங்கை வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது. நம் வங்கியின் ஆண்டறிக்கையையே பின்னாலிருந்து புரட்டிப் பார்த்து, நீர்ப் பயன்பாட்டுப் பத்தியில் இரண்டு ஆண்டு எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் குறித்து வந்திருந்தார். சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தார். நமக்கு அதற்கு உடனே விடை தெரியவில்லை. தாளைத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்பியிருக்கிறோம்.