சினைப்பை நோயும் உள்ளத்து நலமும்

மாதர் பலரை வருத்தும் சினைப்பை நீர்க்கட்டி நோயைப் பற்றி எழுதுவோர், மாதவிலக்குத் தவறுதலையும் மகப்பேறு தாழ்த்தலையும் விரித்துரைத்து, நோயுற்றாள் உள்ளம் படும் பாட்டை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். அவ்வொரு வரியையே ஈண்டு விரிக்கப் புகுகின்றேன்.

இந்நோயை 1935-ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவெந்தால் என்னும் இருவர் மகளிர் எழுவரிடத்துக் கண்டு எழுதினர். மகப்பேற்றுப் பருவத்து மகளிருள் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் இதனை உடையர் என்கின்றது, 2023-ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டி.

முதற்கண் பெயரே ஓர் அச்சம். கட்டி என்னும் சொல் செவிப்பட்ட அளவில் அறுவையும் புற்றும் நினைவில் எழாத பெண் யார்? உண்மையில் அவை கட்டிகளல்ல; முதிர்ந்து வெளிப்படாது நின்றுவிட்ட சினைமுட்டைகளைத் தாங்கிய நுண்பைகளே. ஆங்கிலப் பெயரும் இக்குறையுடையதே. அதனை மாற்றுதல் வேண்டுமென அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 2012-இற் கூட்டிய குழுவொன்று பரிந்துரைத்தது. அக்குறையைத் தமிழிலும் அப்படியே பெயர்த்து வைத்திருத்தல், தமிழ் பயில்வார்க்கு வருத்தம் தருவதாம்.

இந்நோயுற்றார் பலரிடத்து இன்சுலின் என்னும் சுரப்புநீர் தன் தொழிலைச் செவ்வனே ஆற்ற இயலாமையின், உடல் அதனை மிகுதியாகச் சுரக்கின்றது. அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி, பெண்ணுடலிற் சிற்றளவே இருக்கவேண்டிய ஆண்மைச் சுரப்புநீரைப் பெருக்குகின்றது. முகத்தில் மயிர் அரும்பும், பரு மிகும், தலைமயிர் உதிரும், பலர்க்கு உடலும் பருக்கும். காய்ச்சலுற்றாளுக்கு இரங்கும் உலகம் இவளையோ நகைக்கும். "வாயைக் கட்டு" என்று அறிவுரையும் கூறும். மணமானவளாயின், "விசேஷம் ஏதும் உண்டா?" என்னும் வினா கல்யாண வீடுதோறும் காத்து நிற்கும். கூட்டந்தவிர்த்து அறைக்குள் ஒடுங்குதல் இவ்வாறே தொடங்குகின்றது.

மனச்சோர்வும் பதற்றமும் இவரிடத்து ஏனையோரினும் மிகுதி. இது பருமனால் வந்த வருத்தமே என்பார் உளர், அஃது ஏற்புடைத்தன்று. உடலெடை ஒத்த பிற மகளிரோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு நீங்கவில்லை. ஆகலின் மேற்கூறிய வழிகாட்டி, நோய் அறியப்பட்ட பொழுதே ஒவ்வொருத்தியின் மனநிலையையும் உசாவுதல் வேண்டுமென்று விதித்துள்ளது. சோர்வு கண்டவிடத்து உளமருத்துவர் உதவி இன்றியமையாதது. "எடை குறைந்தபின் எல்லாம் சரியாகும்" என்று காத்திருத்தல் ஆகாது.

ஒரு செய்தியை மட்டும் மருத்துவர் முதல்நாளே சொல்லிவிடின் பாதி அச்சம் தீரும்: இந்நோயுடையாருட் பெரும்பாலோர் தாயாகின்றனர், சினைமுட்டை வெளிப்படாமையாற் கருத்தரியாதார்க்கு முதலில் அளிக்கப்படுவது லெட்ரோசோல் என்னும் மாத்திரையே.