கப்பலுக்குத் தமிழ் நேரம் தெரியாது

மாலை 6 மணிக்குப் பிறந்தநாள் விழா என்று அழைப்பிதழில் இருந்தால் 7.30க்குப் போய்ச் சேருவது எங்கள் சனத்துக்குப் பழக்கம். காப்பெலில் மட்டுமல்ல, ரொறன்ரோ, லண்டன், சிட்னி எங்கும் இதே கதைதான். அழைத்தவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் 6 மணி என்று போட்டிருப்பார். இந்தக் கணக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. அப்படி ஓரிடத்தில், 2023 மார்ச் மாதம் பிள்ளைகளின் வசந்தகால விடுமுறையில், நாங்கள் காசு கொடுத்துப் பாடம் படித்தோம்.

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், 78 வயது அம்மா. கல்வெஸ்ரன் துறைமுகத்திலிருந்து மாலை 4 மணிக்குப் புறப்படும் உல்லாசக் கப்பலில் மெக்சிக்கோ போய்வர ஐந்து பேருக்கும் பதிந்திருந்தோம். காப்பெலிலிருந்து கல்வெஸ்ரனுக்கு ஏறத்தாழ 300 மைல், நிற்காமல் ஓடினால் 5 மணித்தியாலம். காலை 7.30க்கு வெளிக்கிட்டால் 12.30க்குப் போய்விடலாம் என்பது எங்கள் திட்டம். வெளிக்கிட்டது 8.15க்கு. மடிசன்வில்லில் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் 40 நிமிடம் போனது. ஹூஸ்ரனில் நெடுஞ்சாலை 45இல் ஒரு விபத்து, அங்கே 50 நிமிடம். தீவுக்குள் இறங்கிய பின் தொலைபேசி காட்டிய வழியை நம்பி வேறொரு முனையத்துக்குப் போய்த் திரும்பியதில் இன்னும் 20 நிமிடம். சரியான வாசலில் போய் நின்றபோது மணி 3.05.

கப்பல் எங்கள் கண்முன்னேதான் நின்றது. புறப்பட இன்னும் 55 நிமிடம் இருந்தது. ஆனால் பதிவு 2.30க்கு மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அவரிடம் வேறு பதில் இல்லை. 3,400 டொலரில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. காருக்குள் பிள்ளைகள் பேசவேயில்லை. அம்மா மட்டும் கேட்டார்:

"காங்கேசன்துறையில கப்பலுக்கு ஒரு நாள் முந்திப் போய்க் காத்திருந்த நாங்கள், இங்க ஏன் பிந்தினம்?"

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஆறுதலாக விசாரித்து அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம். விடுமுறைக்குக் கப்பல் ஏறும் எங்கள் குடும்பங்கள் கூடிவருகின்றன. எங்களுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேரக்கூடாது.

கப்பல் நிற்கும்போதே ஏன் ஏற்றுவதில்லை?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பெயர்ப் பட்டியல். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து வெளிநாடு போகும் பயணிகள் கப்பல், தன்னில் இருக்கும் ஒவ்வொருவரின் விபரத்தையும் அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறைக்குப் புறப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு முன்பாவது அனுப்பிவிட வேண்டும். இது கூட்டாட்சி விதி. கப்பல் நிறுவனங்கள் அதற்கு மேலும் சிறிது நேரத்தைச் சேர்த்துத் தங்கள் கடைசி நேரத்தை வைத்துக்கொள்வதுண்டு. பட்டியல் போன பின் வாசலில் நிற்பவர் அழுதாலும் வாதாடினாலும் அவரை ஏற்றுவது அந்த ஊழியரின் கையில் இல்லை.

இரண்டாவது, உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சரிந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய அறுநூறுக்கும் மேற்பட்டோருக்கு, ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்ற பயிற்சி இன்னும் நடக்கவில்லை. புறப்பட்டு 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல் அது மாறிவிட்டது. கப்பல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனேயே, எல்லாப் பயணிகளுக்கும் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பிந்தி வருபவருக்கு அந்த நேரம் இல்லை.

மூன்றாவது, துறைமுகத்தின் ஒழுங்கு. கப்பலை வழிநடத்தும் மாலுமி எத்தனை மணிக்கு ஏறுவார், கால்வாய் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே குறிக்கப்பட்டவை. மூவாயிரம் பேரை ஐந்து பேருக்காக நிறுத்திவைக்க முடியாது.

ஆகவே பயணச்சீட்டில் இருக்கும் 4 மணி என்பது கப்பலுக்குரிய நேரம். எங்களுக்குரிய நேரம் பதிவு மூடும் நேரம். நாங்கள் தவறவிட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

பின்னிருந்து முன்னே எண்ணுங்கள்

ஊரில் வணிகமாணிப் பட்டம் படித்து, இங்கே பல வருடம் பிறருடைய கணக்கை எழுதி வாழ்கிறோம். ஐயக்கடன் ஏற்பாடு வைக்காமல் ஒரு ஐந்தொகையை நாங்கள் தயாரித்ததில்லை. ஆனால் சொந்தப் பயணத்துக்கு ஒரு நிமிடமும் ஏற்பாடு வைக்கவில்லை. சரியான கணக்கு இப்படி இருந்திருக்க வேண்டும்.

பதிவு மூடுவது 2.30. வாகனத் தரிப்பிடம், பெட்டி ஒப்படைத்தல், வரிசை ஆகியவற்றுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் 1.30. ஹூஸ்ரன் நெரிசலுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஏற்பாடு, 12.00. வயதானவரும் பிள்ளைகளும் இருப்பதால் வழியில் தரிக்க ஒரு மணித்தியாலம், 11.00. ஓட்டம் 5 மணித்தியாலம், காலை 6.00. அதற்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் ஆபத்து. நாங்கள் வெளிக்கிட்டது 8.15க்கு. ஆகவே எங்களைப் பிந்த வைத்தது ஹூஸ்ரன் விபத்து அல்ல. வீட்டு வாசலிலேயே நாங்கள் பிந்திவிட்டோம்.

இதைவிட நல்ல வழி முதல்நாளே போய்த் தங்குவது. ஒரு இரவு அறைக்கு 150 டொலர் என்று வைப்போம். இழக்கக்கூடியது 3,400 டொலர். கப்பலைத் தவறவிடும் வாய்ப்பு 23இல் ஒன்றைவிடக் கூடுதலாக இருந்தால், அறைக்குக் கொடுக்கும் காசு இலாபமே. 300 மைல் ஓட்டம், நடுவே ஹூஸ்ரன், காருக்குள் ஐந்து பேர் என்றால் அந்த வாய்ப்பு நிச்சயம் அதைவிடக் கூட.

அதற்காக விடியற்காலையிலேயே முனையத்துக்குப் போவதும் பிழை. முந்திய பயணத்தில் வந்த ஆயிரக்கணக்கானோர் காலையில் இறங்கிக்கொண்டிருப்பார்கள், ஹார்பர்சைட் வீதி முழுக்க வாகனங்கள் நிற்கும். இணையத்தில் முற்பதிவு செய்யும்போது உங்களுக்கென ஒரு வருகை நேரம் தருவார்கள். அந்த நேரத்துக்குப் போவதே நல்லது. முனையத்தின் இலக்கத்தையும் முதல்நாளே பாருங்கள். கல்வெஸ்ரனில் 25, 28 என்ற முனையங்களும், 2022 நவம்பரில் திறந்த 10ஆம் முனையமும், அதன் பின் வந்த 16ஆம் முனையமும் உண்டு. வெறுமனே "கல்வெஸ்ரன் துறைமுகம்" என்று தொலைபேசியில் தட்டிவிட்டுப் போகவேண்டாம்.

குளிர்காலத்திலும் மார்ச் வரையும் கடும் மூடுபனியால் கால்வாய் மூடப்பட்டுக் கப்பல் பிந்துவதுண்டு. அப்போது நிறுவனம் புதிய நேரத்தைத் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மட்டுமே பிந்திப் போகலாம்.

எங்களைப் போன்றவர்களுக்கு: கடதாசிகள்

நேரத்தோடு போயும் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் சமூகத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே ஒருவர் குடியுரிமை பெற்றவர், ஒருவர் கிரீன் கார்ட் உள்ளவர், ஒருவர் இன்னும் வழக்கு முடியாதவர் என்று இருப்பது வழமை. ஆளுக்கு ஆள் விதி வேறு.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில், அத்தாட்சிப்படுத்திய பிறப்புச் சான்றிதழும் படமுள்ள அரச அடையாள அட்டையும் கொண்டு நாட்டுக்குள் திரும்பலாம். ஆனாலும் கடவுச்சீட்டையே கொண்டுபோங்கள். நடுவழியில் யாருக்காவது சுகவீனம் வந்து கொசுமெலிலிருந்து விமானத்தில் திரும்பவேண்டி வந்தால், பிறப்புச் சான்றிதழோடு விமானம் ஏற முடியாது.

கிரீன் கார்ட் உள்ளவர்கள் அசல் அட்டையைக் கொண்டுபோக வேண்டும். படப்பிரதி செல்லாது. கப்பல் தரிக்கும் ஒவ்வொரு நாடும் என்ன கேட்கிறது என்பதையும் தனித்தனியே பாருங்கள்.

அகதியாக, அல்லது தஞ்சம் கிடைத்து இருப்பவர்கள், அகதிப் பயண ஆவணத்தை ஐ-131 படிவத்தில் முன்கூட்டியே கேட்டுப் பெறவேண்டும். அது வரப் பல மாதங்கள் ஆகலாம். வந்தால் ஒரு வருடத்துக்கே செல்லும், அதைப் புதுப்பிக்க முடியாது, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது பின்னர் கேள்விகளை எழுப்பக்கூடும். அதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

தஞ்ச விண்ணப்பம் இன்னும் முடியாதவர்கள் தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். முன் அனுமதி பெறாமல் அமெரிக்காவை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். முன் அனுமதி இருந்தாலும் திரும்பி உள்ளே விடுவார்கள் என்ற உறுதி இல்லை. "ஒரு நாள்தானே, கப்பலை விட்டு இறங்கவே மாட்டோம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நான்கு நாள் உல்லாசத்துக்காகப் பத்து வருட வழக்கை இழக்கக்கூடாது.

பெயர் இன்னொரு தலையிடி. எங்களில் பலருக்குத் தகப்பன் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னுமாக ஒரு கடதாசியில் இருக்கும். இன்னொன்றில் மாறியிருக்கும். கணவன் பெயர் மூன்றாவதாகச் சேர்ந்திருப்பதும் உண்டு. எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே பயணத்தைப் பதியுங்கள். வாசலில் நின்று "இரண்டும் நான்தான்" என்று விளங்கப்படுத்த நேரம் இருக்காது.

ஆவணங்கள், மருந்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். வாசலில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டுத் தேடுபவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள்.

கரையில் இறங்கினால் எந்த மணிக்கூடு?

நடுவழியில் தரிக்கும் துறைமுகங்களிலும் பிந்துபவரைக் கப்பல் விட்டுவிட்டுப் போகும். மெக்சிக்கோவின் பெரும்பகுதி 2022இல் கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்டது. ஆகவே கோடையில் புரோகிரசோ துறைமுகத்தின் நேரம் டெக்சாஸ் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கும். பெலீஸ், ஹொண்டூராஸ் ஆகியவையும் அப்படியே. கப்பல் டெக்சாஸ் நேரத்திலேயே இயங்கினால், கப்பலில் 4 மணியாகும்போது உங்கள் தொலைபேசி 3 என்று காட்டும். "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு" என்று கடையில் நிற்பவருக்குக் கப்பலின் பின்பக்கம்தான் தெரியும். இறங்குமுன் கப்பல் நேரத்தைக் கேட்டு, ஒரு சாதாரண கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்வி

1996க்கும் 2002க்கும் இடையில், தரைப்பாதை மூடியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தார் தெற்கே போகக் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் ஏறினார்கள். அனுமதி வேண்டும், பட்டியலில் பெயர் வரவேண்டும். பெயர் கூப்பிடும்போது நாங்கள் அங்கே இல்லாவிட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு நாள் முந்திப் போய், பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தோம். எங்களுக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பயம் இருந்தபோது நேரத்தோடு நின்றோம். பயம் போனதும் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். அம்மாவின் கேள்விக்கு எங்களால் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

கல்வெஸ்ரனும் அகதிகளைக் கண்ட துறைமுகமே. 1907க்கும் 1914க்கும் இடையில், ரஷ்யப் பேரரசில் வதைபட்ட யூதர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். நாங்கள் உல்லாசத்துக்காக வரிசையில் நிற்கும் இடத்தில், அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அடுத்த வருடம் மறுபடி பதிந்தோம். முதல்நாள் மாலையே போய்ச் சேர்ந்து கடற்கரைச் சுவரோரம் நடந்தோம். மறுநாள் நாங்கள் எழும்பியபோது அம்மா குளித்து, சேலை மாற்றி, கடதாசிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்தபடி கதிரையில் இருந்தார். மணி 5.30. வருகை நேரம் 12.30 என்று சொன்னோம்.

"பரவாயில்லை, இருக்கிறன்" என்றார்.