எடை குறைந்தது, நெஞ்செரிச்சல் ஏன் வந்தது?

நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு கோவைக்கோ சென்னைக்கோ போய் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒரே ஆண்டில் முப்பது கிலோ குறைந்து, சர்க்கரை மாத்திரையையும் விட்டவர்களை சேலம், நாமக்கல் ஊர்களில் பார்க்க முடிகிறது. அவர்களில் சிலருக்கு வேறொரு தொல்லை தொடங்குகிறது. ராத்திரி படுத்தால் நெஞ்சு கரிக்கிறது, புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறுகிறது, இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. ‘கேஸ்தான்’ என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது இரைப்பையின் வடிவம் மாறியதன் விளைவு. அது தெரிந்தால் பாதி ஆபத்தைத் தவிர்க்கலாம்.

இது சிலரின் பிரச்சினை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். இந்த சிகிச்சையை நாடுவோர் இனி கூடத்தான் செய்வார்கள்.

அமிலம் மேலே ஏறாமல் தடுப்பது எது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே இறுகிக்கொள்ளும். வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானம் வெளியிலிருந்து அதை நெரித்துப் பிடிக்கிறது. உணவுக்குழாய் இரைப்பைக்குள் சாய்வாக நுழையும் கோணமும் காவலுக்கு உதவுகிறது. இவை தவிர, இரைப்பையின் மேற்பகுதிக்கு ஒரு தனித் திறமை உண்டு. சாப்பாடு இறங்க இறங்க அது தளர்ந்து இடம் கொடுக்கும். வயிறு நிறைந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாது.

தொப்பைக் கொழுப்பு வெளியிலிருந்து அழுத்தும்போது இந்தக் காவல் தளர்கிறது. பருமனாக இருப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம் வருவது அதனால்தான். எடை குறைந்தால் அந்த அழுத்தம் குறைந்து பலருக்கு எரிச்சல் தீரவும் செய்கிறது. அப்படியிருக்க, சிலருக்கு மட்டும் புதிதாக வருவது ஏன்?

குழாயாக மாறும் இரைப்பை

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. தொடக்கத்தில் இது தனிச் சிகிச்சையே அல்ல. மிக அதிக எடை கொண்டவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று, முதல் கட்டமாக இதைச் செய்தார்கள். இதிலேயே எடை நன்றாகக் குறைந்ததைக் கண்டு, தனியாகவே செய்யத் தொடங்கினார்கள்.

ஸ்டேப்ளர் கருவியால் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒரு குறுகலான குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த மேற்பகுதியில்தான். அதனால் பசி அடங்குகிறது. ஆனால் தளர்ந்து இடம் கொடுத்து வந்ததும் அதே பகுதிதான். திருவிழாவில் விற்கும் உருண்டை பலூனை எளிதில் ஊதிவிடலாம், நீண்டு மெலிந்த பலூனை ஊதக் கன்னம் வலிக்கும். ஸ்லீவுக்குப் பின் இரைப்பையின் நிலை இந்த இரண்டாவது பலூனுடையது. நாலு வாய் உணவுக்கே அழுத்தம் ஏறுகிறது. இரைப்பையின் கீழ்வாசல் முன்போலவே இறுகியிருப்பதால், அழுத்தம் மேல்நோக்கிப் பாய்கிறது. அமிலம் சுரக்கும் செல்களும் அந்தக் குழாயில் மிச்சம் இருக்கின்றன. நுழையும் கோணம் குலைந்திருந்தாலோ, குழாய் நடுவில் சுருங்கியிருந்தாலோ, இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்தின் ஓட்டை வழியே மார்புக்குள் ஏறியிருந்தாலோ, தொல்லை இரட்டிப்பாகும்.

பைபாஸ் முறையில் கதை வேறு. உணவுக்குழாயின் அடியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் விடப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. அந்தப் பையில் அமிலம் மிகக் குறைவு. பித்தநீரும் வெகுதூரம் கீழேதான் வந்து கலக்கிறது. எனவே எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டியவை

பின்லாந்தில் 2008 முதல் 2010 வரை 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இவ்விரு அறுவை சிகிச்சைகளையும் செய்தார்கள். பத்தாண்டு கழித்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் உணவுக்குழாயில் புண் இருந்தது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த மருத்துவர் சி. பழனிவேலு உருவாக்கிய கோவை ஜெம் மருத்துவமனையின் குழு, இரு முறைகளுக்குப் பின்னும் அமில ஏற்றத்தைக் கருவிகளால் அளந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. ஸ்லீவுக்குப் பின் ஏற்றம் கூடியது, பைபாஸுக்குப் பின் குறைந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் பைபாஸே செய்துவிடலாமே என்று கேட்கலாம். பைபாஸில் குடலை வெட்டி இணைக்க வேண்டும். இரும்பு, பி12 பற்றாக்குறையும், இணைப்பில் புண்ணும், உள்ளே குடல் சிக்கிக்கொள்வதும் அதன் அபாயங்கள். ஆகவே யாருக்கு எது என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே உணவுக்குழாயில் கடும் புண் இருப்பவருக்கு ஸ்லீவ் ஏற்றதல்ல.

நாம் செய்ய வேண்டியவை

எரிச்சலே தெரியாமலும் உணவுக்குழாய் புண்ணாகலாம். ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டால் அதன் உட்சுவரே மாறிப்போகும். பேரட் உணவுக்குழாய் எனப்படும் இந்த மாற்றம் சிலருக்குப் புற்றுநோய்க்கு வழிவிடலாம். அதனால்தான் ஸ்லீவ் செய்தவர்கள் ஓராண்டில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்று எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2020இல் அறிவுறுத்தியது. இதற்காகக் கோவை வரை போக வேண்டியதில்லை, சேலத்திலேயே செய்துகொள்ளலாம்.

பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட்டால்தான் முழுப் பலன். நீண்ட காலம் எடுத்தால் பி12 சத்து உடலில் சேர்வது குறையும். அறுவை சிகிச்சையால் ஏற்கெனவே அது குறைந்திருக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் வழி இருக்கிறது.

லாரித் தொழிலிலும் தறியிலும் இரவு பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுப்பது நம் பக்கத்து வழக்கம். குழாய் இரைப்பைக்கு இது தாங்காது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். தலையணையை அடுக்குவதை விட, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பது நல்லது. இடப்பக்கமாகப் படுங்கள். புரதத்துக்கு நாமக்கல் முட்டை இருக்கவே இருக்கிறது: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வறுக்காமல் வேகவைத்து, மெதுவாக மென்று சாப்பிட்டால் போதும்.

விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் வைட்டமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலியோடு வியர்த்தால், கேஸ் என்று எண்ணாமல் முதலில் இசிஜி எடுத்துப் பாருங்கள்.

தனக்கு நடந்தது ஸ்லீவா பைபாஸா என்று தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, ஊர் மருத்துவரிடம் காட்டி வையுங்கள். நாளை நெஞ்சு எரிந்தால், சரியான சிகிச்சை அந்த ஒரு தகவலிலிருந்துதான் தொடங்கும்.