வெல்லப்படாத அணியும் வேண்டாமென்ற பந்தயமும்



ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற ஒரு கல்லூரி அணி, பருவத்தின் இறுதியில் கோப்பை ஏதுமின்றி வீடு திரும்பியது. தோல்வி கண்டதால் அன்று. தம்முள் இருவரைக் கைவிட மறுத்ததால். 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த இவ்வரலாறு, பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்திலும் எடுத்துச் சொல்லத் தக்கது.

அணியும் ஆட்டமும்

அமெரிக்கக் கால்பந்தாட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டத்தினின்று வேறானது. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். மோதலும் வீழ்த்தலும் நிறைந்த ஆட்டம் அது. பக்கத்தில் நிற்பவன் காவாவிடில் பந்தை ஏந்தியவன் பத்தடி கூட ஓட இயலாது.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைத் துறவியரால் 1855-இல் நிறுவப்பட்டது. அதன் அணிக்கு 'டான்ஸ்' என்று பெயர். பயிற்றுநர் ஜோ குஹாரிச். அணியைப் பற்றிய செய்திகளை ஏடுகளுக்கு அளிக்கும் பொறுப்பில் பீட் ரோசல் என்னும் இளைஞர் இருந்தார்.

அணியின் முன்னணி வீரர் ஆலி மேட்சன். அவ்வாண்டு 1,566 கெஜம் ஓடிக் கல்லூரி வீரர்கள் அனைவரிலும் முதலிடம் பெற்றார். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியை 32-26 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தை இரு முறை பற்றி, 90 கெஜத்திற்குக் குறையாமல் ஓடி எல்லையைக் கடந்தார். எதிரணியைத் தடுத்து நிறுத்துவதில் பர்ல் டோலர் வல்லவர். இவ்விருவரும் கறுப்பினத்தவர். தென்மாநிலங்களில் பிறந்தவர்கள், மேட்சன் டெக்சாசிலும், டோலர் டென்னசியின் மெம்பிஸ் நகரிலும் பிறந்தனர்.

இருவரை விட்டு வாருங்கள்!

கல்லூரிப் பருவம் முடிந்ததும், சிறந்த அணிகளை அழைத்துப் புத்தாண்டையொட்டி 'பவுல்' எனப்படும் சிறப்புப் பந்தயங்கள் நடத்தப்படுவது அந்நாட்டு வழக்கம். அவற்றில் ஆடுவது பெரும் புகழ். கல்லூரிக்குப் பெரும் வருவாய். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமோ கால்பந்தாட்டச் செலவினால் கடனில் ஆழ்ந்திருந்தது. அவ்வருவாயை அது எவ்வளவு எதிர்பார்த்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அப்பந்தயங்கள் பலவும் நடந்த தென்மாநிலங்களில் நிறவெறி சட்டமாகவே இருந்தது. பள்ளி, உணவகம், பேருந்து, மருத்துவமனை என எங்கும் கறுப்பினத்தவர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் தம் இருக்கையை விட்டெழ மறுத்தது 1955-இல்தான். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் வந்தது 1964-இல்தான்.

டான்ஸ் அணியினருக்குச் செய்தி எட்டியது: மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் தெற்கே ஆடலாம். அணியினரில் பெரும்பாலோர் வெள்ளையர். வாழ்நாளில் மீண்டும் கிட்டாத வாய்ப்பு அது. எனினும், இருவரும் இன்றி நாங்கள் இல்லை என்று அனைவரும் மறுத்துவிட்டனர். அவர்கள் மோதிய அணிகள் வலிமை குன்றியவை என்றொரு காரணமும் அக்காலத்தில் சொல்லப்பட்டது. எவ்வாறாயினும், அவ்வாண்டு எந்தப் பந்தயத்திலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. செலவைத் தாங்க இயலாத பல்கலைக்கழகம், அப்பருவத்துடன் தன் கால்பந்தாட்ட அணியையே கலைத்துவிட்டது. கொள்கைக்கு விலை உண்டு என்பதை மறைத்துவிட்டு இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாகாது. அவர்கள் அவ்விலையைக் கொடுத்தார்கள். பண்டமாற்றாக உடனே ஏதும் பெறவுமில்லை.

காலம் சொன்ன தீர்ப்பு

பின்னர் அவ்வணி வீரர்கள் அடைந்த நிலையைப் பாருங்கள். ஆலி மேட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவரும், இத்தாலியக் குடியேறிகளின் மைந்தரான ஜினோ மார்ச்செட்டியும், பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்றுப் பெருவீரர்களுக்கான புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். செய்தி எழுதிய பீட் ரோசல், 1960-இல் தேசியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பின் தலைமை ஆணையரே ஆனார்.

பர்ல் டோலரின் வரலாறு இவை அனைத்தினும் நெஞ்சைத் தொடுவது. 1952-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் முறிவுற்றதால், தொழில்முறை ஆட்டக்காரராகும் அவரது கனவு தொடங்குமுன்னரே முடிந்தது. அவர் சோர்ந்து அமரவில்லை. ஆசிரியரானார். சான் பிரான்சிஸ்கோவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். அந்நகர மேல்வகுப்புப் பள்ளி ஒன்றில் அப்பதவியை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1965-இல், ரோசல் ஆணையராக இருந்த அதே கூட்டமைப்பில், முதல் கறுப்பின நடுவராக நியமனம் பெற்றார். 1980-இல் கலிபோர்னியாவின் பசடேனா நகரில் நடந்த 'சூப்பர் பவுல்' இறுதிப் போட்டியிலும் நடுவராகப் பணியாற்றினார். ஆடுகளத்திற்கு வராதே என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர், அதே ஆட்டத்தின் விதிகளைக் காப்பவராக நின்றார்!

2006-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவ்வணியில் அன்று உயிருடன் இருந்தவர்களை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. டோலர் பணியாற்றிய பள்ளி வளாகத்திற்கும் அவ்வாண்டே அவர் பெயர் சூட்டப்பட்டது. 2009-இல் அவர் மறைந்தார்.

நம் இல்லங்களுக்கு

பெற்றோரே! தேர்வு முடிவு வரும் நாளில் 'நீ எத்தனையாவது வந்தாய்?' என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. அத்துடன், 'உன்னுடன் படிக்கும் பிள்ளையை எவரேனும் ஒதுக்கியபோது நீ எங்கே நின்றாய்?' என்றும் கேட்கிறோமா? எளியவன், நிறம் குறைந்தவன், வேறு குலத்தவன் என்று வகுப்பில் ஒருவனைத் தள்ளி வைக்கும்போது அவன் பக்கம் போய் அமரும் துணிவை எந்தப் பாடநூலும் தனியே தந்துவிடாது. அதை வீடுதான் ஊட்ட வேண்டும்.

இருபது வயதைக் கடந்த அவ்விளைஞர்கள் எவரும் நீண்ட சொற்பொழிவு ஆற்றவில்லை. உடன் ஆடியவனை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றார்கள்; அவ்வளவே. இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளைகளிடம் இக்கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், 'நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று கேளுங்கள். அவர்கள் விடை சொல்லும்வரை பொறுமையுடன் காத்திருங்கள்.