சூரியன் இறைக்கும் நீர்

முதலில் ஒரு சிறு கணக்கு. 120 சதுர மீட்டர் பரப்புள்ள காய்கறித் தோட்டம் ஒன்று. கோடையில் அதற்கு நாள்தோறும் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும் எனக் கொள்வோம். மொத்தம் 480 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் ஊற்றினால் 32 நடை! நாள்தோறும் இப்படி நீர் சுமக்கும் சிறுமி பள்ளிக்குப் போவது எப்போது?

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு நாடு உண்டு. அதன் வடபகுதியிலுள்ள கலாலே வட்டாரத்தில் ஆண்டில் ஏறத்தாழ 6 மாதங்கள் மழையே இராது. அங்குள்ள பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கையால் நீர் ஊற்றிக் காய்கறி பயிரிட்டு வந்தனர். 2007ஆம் ஆண்டில் அங்கே இரண்டு சிற்றூர்களில் 3 சூரிய பம்புத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் அரை ஹெக்டேர். ஒவ்வொன்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள். பம்பும் தொட்டியும் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொருவருக்கும் 120 சதுர மீட்டரில் சொந்தப் பாத்தி.

மின்கலம் இல்லாத சேமிப்பு

சூரிய ஒளித் தகடுகள் தரும் மின்சாரம் நேராகப் பம்பை இயக்குகிறது. பம்பு நீரை உயரத்திலுள்ள தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து புவியீர்ப்பினாலேயே நீர் இறங்கி, துளையிட்ட குழாய்கள் வழியே செடியின் வேரடியில் சொட்டுகிறது.

இரவுக்கும் மேகமூட்டத்துக்கும் மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி வேண்டாமா? வேண்டியதில்லை. தொட்டியில் ஏறிய நீரே சேமிப்பு. அதிலுள்ள நிலையாற்றல்தான் பிறகு நீரைச் செடிக்குக் கொண்டு செல்கிறது. இதில் இன்னொரு நயமும் உண்டு. வெயில் கடுமையானால் இலைகளிலிருந்து நீராவிப்போக்கு மிகும். செடியின் தாகமும் கூடும். அதே வெயிலில் பம்பும் அதிகமாக இறைக்கும். தேவையும் வரவும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன!

எவ்வளவு ஆற்றல் வேண்டும்? அரை ஹெக்டேருக்கு 4 மில்லிமீட்டர் என்றால் 20,000 லிட்டர், அதாவது 20,000 கிலோகிராம் நீர். அதை 10 மீட்டர் உயர்த்த 20,000 × 10 × 10 = 20 லட்சம் ஜூல். இது 100 வாட் பல்பு ஐந்தரை மணி நேரம் எரிவதற்குச் சமம். பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பால் இதைப்போல் சில மடங்கு தேவைப்படலாம். ஆயினும் முப்பது பெண்களின் தலைச்சுமைக்கு ஈடாக இது மிகச் சிறிய அளவே.

விளைந்தது என்ன?

முதலாண்டு விளைவுகளைக் கணக்கிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒவ்வொரு தோட்டமும் மாதத்துக்குச் சராசரியாக 1.9 டன் காய்கறி தந்தது. பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியை விற்றனர். வேலையற்ற வறண்ட மாதங்களிலும் வருமானம் வந்தது. அந்தப் பணத்தில் தானியமும் பிற உணவும் வாங்க முடிந்தது.

தனியொருத்தியால் வாங்க முடியாத கருவி, பலர் சேர்ந்தபோது பயன்பட்டது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சூரிய ஒளிக்கு விலையில்லை என்பதற்காக வரையின்றி நீரை இறைத்தால் கிணறு வற்றிவிடும். எவ்வளவு இறைப்பது என்பதையும் குழு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். சொட்டு நீர்ப் பாசனம் இன்றியமையாதது இதனால்தான்.

உங்கள் பள்ளித் தோட்டத்தின் பரப்பை அளந்து பாருங்கள். நாளைக்கு எத்தனை குடம் நீர், எத்தனை ஜூல் ஆற்றல் என்று நீங்களே கணக்கிடுங்கள்.