பணம் வேண்டாம் என்ற வட்டிக்காரன்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் வரும் யூதனான ஷைலக்கைக் கந்துவட்டிக்காரன் என்கிறாய், தம்பி. சூலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் அந்தச் சொல்தான் முதலில் வரும். வாரவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் பக்கத்துக் கந்துவட்டிக்காரனிடம் ஆள்பலம் உண்டு. கடன் வாங்கியவன்தான் அவனைக் கண்டு ஒதுங்குவான். ஷைலக்கிடம் பணம் மட்டுமே இருந்தது. கடன் கேட்டு வரும் வணிகன் அன்டோனியோ, வெனிஸின் ரியால்டோ சந்தையில் நாலு பேர் பார்க்க அவன்மேல் துப்பியவன். இனியும் துப்புவேன் என்று சொல்லிக்கொண்டேதான் கடனும் கேட்கிறான்.

ஊர் நிலவரம் அப்படி. வெனிஸ் 1516இல் யூதர்களை 'கெட்டோ' என்ற ஒரே இடத்தில் ஒதுக்கி, இரவில் வாசல்களைப் பூட்டியது. சொந்தமாக நிலம் வாங்க முடியாது. தொழிற்சங்கங்களில் சேர முடியாது. வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. ஆனால் கடன் இல்லாமல் வியாபாரம் ஓடாது. அந்த வேலையை யூதர்களிடம் தள்ளிவிட்டு, அதைச் செய்ததற்காகவே அவர்களை வெறுத்தார்கள்.

இதில் பாதி நம்மவர்களுக்கும் நடந்தது. பர்மாவின் நெல் விவசாயிக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை விழுந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் சில ஆண்டுகளில் 25 சதவீதமானது. அவர்கள் கேட்டது ரூபாயை, வந்து சேர்ந்தது வயல். நிலம் இழந்த பர்மாக்காரரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1948இல் பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. 1964 வாக்கில் மிச்சமிருந்த தமிழர்களில் பலர் கப்பலேறினார்கள். நகரத்தாருக்கு வேறு தொழில் செய்யத் தடை இருந்ததில்லை. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இனி நீதிமன்றக் காட்சிக்கு வா. கடன் 3,000 டூகட். திருப்பித் தராவிட்டால் அன்டோனியோவின் உடலில் ஒரு பவுண்டு சதை என்பது ஒப்பந்தம். அன்டோனியோவின் நண்பன் பஸானியோ 6,000 தருகிறேன் என்கிறான். பேராசைக்காரனாக இருந்தால் அங்கேயே வாங்கியிருப்பான். ஷைலக் வேண்டாம் என்கிறான், சதைதான் வேண்டும் என்கிறான். அவனை இயக்குவது பணம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

வெறுப்பு முதல் அங்கத்திலேயே இருக்கிறது. அன்டோனியோ வட்டியில்லாமல் கடன் கொடுத்துத் தன் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று ஷைலக்கே முணுமுணுக்கிறான். அதைக் கத்தியாகத் தீட்டியது மகள் ஜெசிக்காவின் பிரிவு என்பது என் எண்ணம். பணத்தோடும் நகைகளோடும் அவள் ஒரு கிறிஸ்தவ இளைஞனுடன் போய்விடுகிறாள். திருமணத்துக்கு முன் மனைவி லேயா தனக்குத் தந்த மோதிரத்தைக் கொடுத்து மகள் ஒரு குரங்கு வாங்கினாள் என்று கேள்விப்படும் இடத்தில்தான் அவன் உடைகிறான். தான் வீட்டில் இருந்தபோதே அப்பா சதைதான் வேண்டும் என்றார் என்று ஜெசிக்காவே பின்னால் சொல்வதும் உண்டு. அதையும் விட்டுவிடாமல் படி.

இதனால் அவன் கத்தி நியாயமாகிவிடாது. அன்டோனியோவைக் கொல்லத்தான் அவன் நின்றான். ஆனால் அவனை மதம் மாறச் சொன்ன தீர்ப்பும் கருணை இல்லை. பரீட்சையில் 'பேராசை' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடாதே, தம்பி. எழுதுவதற்கு முன் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியை ஒருமுறை வாய்விட்டுப் படி.