கரண்டுக்குள் இருக்கும் தண்ணீர்

"பாலைவனத்துலதான் வெட்டவெளி கெடக்கே, சார். காத்தாடிய நட்டுட்டு, மிச்ச எடத்துல சீமைக்கருவேலத்த வெதச்சுவிட்டு வெட்டி எரிச்சா, கரண்டுக்கு என்ன பஞ்சம்?" என்றார் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர். பாதி சரி என்றேன். எந்தப் பாதி என்று கேட்டார். அதைச் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆயிற்று.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஜோர்டானை எடுத்துக்கொள்வோம். சவூதியும் ஈராக்கும் எண்ணெயில் மிதக்க, பக்கத்தில் இருக்கும் இந்த நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழையும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்வது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. 2003 முதல் எகிப்திலிருந்து குழாயில் வந்த எரிவாயுவை நம்பி மின் நிலையங்கள் ஓடின. 2011இல் சினாய் பகுதியில் அந்தக் குழாய்க்கு யாரோ வெடி வைத்தார்கள். சரிசெய்தால் மறுபடி வைத்தார்கள். விலை கூடிய டீசலையும் கன எரியெண்ணெயையும் எரித்து அரசு மின் நிறுவனம் பெருங்கடனில் விழுந்தது. அதற்குப் பிறகுதான், 2012இல், புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்று சட்டம் வந்தது.

முதலில் காற்று. வறண்ட ஊர் என்பதால் மட்டும் காற்று வீசிவிடாது. மேடு பள்ளம் வேண்டும். சாக்கடலின் கரை கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே கிடக்கிறது. அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே மலைமேடு ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்புகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறும்போது உச்சியில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் டியூபின் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள், அதே சங்கதிதான்.

வேகம் கொஞ்சம் கூடினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தைவிட 7 மீட்டர் வீசும் இடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது. அதனால்தான் எங்கே வெட்டவெளி என்று தேடாமல் எங்கே மலை இடுக்கு, எங்கே மேட்டு விளிம்பு என்று தேடுகிறார்கள்.

அப்படித் தேர்ந்த இடம் ஜோர்டானின் தெற்கே இருக்கும் தஃபீலா. 1988இலேயே வடக்கே இப்ராஹிமியாவில் சோதனைக்காக நான்கு சிறிய காற்றாலைகளை நிறுத்தியிருந்தார்கள். நான்கும் சேர்த்து 320 கிலோவாட். 2015இல் தஃபீலாவில் நிறுத்திய 38 காற்றாலைகளில் ஒவ்வொன்றும் 3,000 கிலோவாட்டுக்கு மேல். மொத்தம் 117 மெகாவாட். ஆண்டு முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் சுற்றினால் சுமார் 102 கோடி யூனிட் வர வேண்டும். எதிர்பார்ப்பது ஏறத்தாழ 40 கோடி. நூற்றுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான இந்த மதிப்பெண் பள்ளிக்கூடத்தில் சுமார். காற்றாலைக்கு நல்ல தேர்ச்சி.

தொல்லைகளும் உண்டு. கழுகும் நாரையும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்வரும் வான்வழி இது. ஆள் வைத்துப் பார்த்து, பறவை நெருங்கினால் அந்த ஆலையை நிறுத்துகிறார்கள். காற்று நாம் கேட்ட நேரத்தில் வராது என்பது இன்னொன்று. வெயில் மின்சாரமும் சேர்ந்துகொள்ள, மின்கம்பி தாங்காது என்று 2019இல் புதிய பெரிய திட்டங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். இருந்தாலும் காற்றாலைக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது தண்ணீர் குடிக்காது.

இப்போது உங்கள் கருவேலத்துக்கு வருகிறேன் என்றேன். இரண்டாவது டீ வந்தது.

காய்ந்த விறகு ஒரு கிலோ எரித்தால், சிறிய மின் நிலையத்தில் சுமார் ஒரு யூனிட் கிடைக்கும். சரி, அந்த ஒரு கிலோ உருவாகச் செடி எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும்? செடியைப் பொறுத்துச் சில நூறு லிட்டர். குறைத்தே 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் ஓட ஆயிரம் கிலோ விறகு வேண்டும்; அதாவது மூன்று லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் 25 லோடு. ஒரு மணி நேரத்துக்கு!

"கருவேலத்துக்கு யாரு சார் தண்ணி ஊத்துறா?"

யாரும் ஊற்றுவதில்லை. அது வேரை இறக்கி, நிலத்தடியிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. ஜோர்டானில் குடிநீரில் பெரும்பகுதி அந்த நிலத்தடி நீர்தான். தெற்கே திசியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் இறங்கிய நீரை இறைத்து, 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் அம்மானுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த நீரை விறகாக்கி எரிப்பது, சேமிப்பை உடைத்துச் சுருட்டு பிடிப்பது போல.

அப்படியானால் உயிரிப்பொருளே ஆகாதா? ஆகும். புதிதாக வளர்க்கக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்ட பொருளைத் தேட வேண்டும். அது காட்டில் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கையை அங்கே ஜிஃப்த் என்பார்கள். கட்டியாக்கிக் குளிர்காலத்தில் அடுப்பெரிக்கிறார்கள். காய்ந்ததை எரிக்கலாம். ஈரமானதை எரித்தால் சூட்டில் கணிசமான பகுதி அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும். அதைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிடம் விட்டுவிட வேண்டும். நம் சாண எரிவாயுக் கலன் செய்யும் வேலைதான். குப்பையிலும் இது நடக்கும். ருசைஃபா என்ற ஊரின் குப்பைமேட்டிலிருந்து குழாய் வைத்து வாயுவை எடுத்து, 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒரு மெகாவாட் அளவில் மின்சாரம் எடுத்தார்கள்.

இதைவிட அழகானது சாம்ரா. அம்மானின் கழிவுநீரும் பக்கத்து நகரமான சர்காவின் கழிவுநீரும் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம். அம்மான் மேட்டில் இருப்பதால் கழிவுநீர் இறங்கி வரும் வேகத்திலேயே சக்கரம் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். சேற்றைத் தொட்டியில் ஊறவைத்து, வரும் வாயுவில் இன்னும் கொஞ்சம். நிலையத்துக்குத் தேவையான கரண்டில் பெரும்பகுதி இப்படியே வந்துவிடுகிறது.

இதைக்கொண்டு நாட்டுக்கே விளக்கேற்ற முடியாது. சில மெகாவாட்தான். ஆனால் இந்த வாயு எடுக்காமல் விட்டாலும் வரத்தான் செய்யும். வந்து வானத்தைச் சூடாக்கும். எடுத்தால், காற்று ஓய்ந்த ராத்திரியிலும் கரண்டு தரும்.

"அப்ப நான் சொன்னதுல காத்தாடி சரி, கருவேலம் தப்பு" என்றார் நண்பர். ஆமாம் என்றேன். கடைக்காரர் எங்கள் கிளாஸைக் கழுவித் தண்ணீரைத் தெருவில் வீசினார். அம்மானில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியே சாம்ராவுக்குப் போய், சுத்தமாகி, ஜோர்டான் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்குப் பாய்கிறது. போகிற வழியில் கொஞ்சம் கரண்டும் கொடுத்துவிட்டு.